யூனிபார்மில் இருக்கும்போது நீட்டிய பெக்: மறுத்தது மரியாதைக் குறைவா?

கேள்வி: ஐயா, நான் ராணுவத்தில் லான்ஸ் நாயக். ஜம்மு பக்கம் போஸ்டிங். போன மாதம் லீவில் ஊருக்கு வந்தோம், மொத்தம் நாலு பேர். எங்களில் சீனியர் ஒரு ஹவில்தார், அவரும் தமிழ்க்காரர்தான். டியூட்டி முடிந்து நேராக ஸ்டேஷனுக்கு ஓடியதால் யூனிபார்மிலேயே ரயில் ஏறிவிட்டோம். வண்டி பதான்கோட் தாண்டியதும் எதிர் சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் விஸ்கியைப் பேப்பர் கப்பில் ஊற்றி, "நாட்டுக்காகக் கஷ்டப்படுறீங்க, என் கையால ஒரு பெக்" என்று நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஹவில்தார் வாங்கிக் குடித்தார், அப்புறம் இன்னொன்று. பக்கத்துப் படுக்கைக்காரர் மொபைலில் வீடியோ எடுத்தது போலத் தெரிந்தது. நான் மறுத்தது தவறா? சீனியர் குடிக்கும்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? வீடியோவால் எனக்கு ஏதாவது வருமா? தை மாதம் தங்கை கல்யாணம். மாமா, "யூனிபார்ம்ல வா, வரும்போது நாலு மிலிட்டரி பாட்டில் கொண்டா" என்கிறார். அதற்கும் வழி சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம், திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: தம்பி, மறுத்தது சரி. அந்தப் பெரியவர் முகம் வாடியதற்கு நீங்கள் பொறுப்பில்லை. அவர் நீட்டியது பாசத்தில்தான். பஞ்சாப் பக்கம் ஃபௌஜியை, அதாவது பட்டாளத்துக்காரரைப் பார்த்தால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை நீட்டுகிறவர்கள் நிறைய. குடும்பத்தோடு வருகிறவர், தானும் அதே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டே ஒரு பராத்தா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கப் மட்டும் வேண்டாம்.

பட்டாளத்தில் குடிப்பது பாவம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சுபேதாராக ரிட்டயர் ஆனவன்தான். வக்கீல் கோட்டு அதற்குப் பிறகு வந்தது. பாராகானா என்கிற யூனிட் விருந்தில் சி.ஓ-வே (கமாண்டிங் ஆபீசர்) ஜவானுக்குப் பரிமாறுவார், பக்கத்தில் ரம் இருக்கும். உயரமான போஸ்ட்டுகளில் அரசாங்கமே ரம் கொடுக்கிறது. கேண்டீன் கார்டில் மாதக் கோட்டா இருக்கிறது. ஆனால் இவை எல்லாமே இடம், நேரம், அளவு மூன்றையும் யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. ஒருவன் தள்ளாடினால் தோளில் கைபோட்டு பேரக்குக்குக் கூட்டிப்போக ஆள் உண்டு, கேட்டைத் தாண்டி விஷயம் போகாது. ரயில் பெட்டியில் இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. சுற்றி இருக்கிறவர்கள் டிக்கெட் வாங்கிய பொதுஜனம், கையில் ஆளுக்கொரு கேமரா.

இப்போது சட்டம். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 48-ஆம் பிரிவை நம் ஆட்கள் பலர் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். "லீவுல இருக்கேன், யார் என்ன கேக்க முடியும்?" என்பார்கள். கேட்க முடியும். போதையில் இருப்பது, டியூட்டியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. அதிகாரி அல்லாதவருக்கு கோர்ட் மார்ஷலில் 2 வருடம் வரை சிறை விதிக்கலாம். ஆக்டிவ் சர்வீஸிலோ டியூட்டியிலோ இல்லாத நேரத்தில் நடந்தது என்றால் உச்சவரம்பு 6 மாதம். லீவு சர்டிபிகேட் பாக்கெட்டில் இருப்பதால் தண்டனையின் அளவு குறையுமே தவிர குற்றம் இல்லாமல் போகாது. ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிரிவு கேட்பது குடித்தாயா என்று இல்லை, போதையில் இருந்தாயா என்று. ஒரு பெக்கோடு படுத்துத் தூங்கியவன் மீது வழக்கு நிற்பது கஷ்டம். ஆனால் இரண்டாவது பெக்குக்கு மேல், எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் கோர்ட் மார்ஷல் வரை போவது அபூர்வம். சி.ஓ முன்னால் மார்ச் பண்ணிக்கொண்டு போய் நிறுத்துவார்கள், அங்கேயே ரெட் இங்க் என்ட்ரி விழும், அதாவது சர்வீஸ் ரெக்கார்டில் சிவப்பு மையில் தண்டனைக் குறிப்பு. அப்போதைக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். நாயக் ப்ரமோஷன் போர்டு வரும்போதுதான் அந்தச் சிவப்பு மை கண்ணில் குத்தும். நாலு ரெட் இங்க் சேர்ந்தவரை டிஸ்சார்ஜ் செய்யும் வரை போயிருக்கிறார்கள். எண்ணிக்கையை மட்டும் வைத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது, சர்வீஸ் எப்படி, குற்றம் எப்படிப்பட்டது என்று பார்த்து, விசாரித்துத்தான் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் ஒரு ஜவான் வழக்கில் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பலனை வாங்க அந்த மனிதர் எத்தனை படி ஏறினார் என்பதையும் யோசிக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் லான்ஸ் நாயக் வயசுதான். முன்னால் நிறைய இருக்கிறது.

இது பட்டாளத்துச் சட்டம். ரயிலுக்கென்று தனியாக ஒன்று உண்டு, அது சிவிலியனுக்கும் உங்களுக்கும் ஒன்றுதான். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், 145-ஆம் பிரிவு. பெட்டியிலோ ஸ்டேஷனிலோ போதையில் இருந்தால், அசிங்கமாகப் பேசினால், தொந்தரவு செய்தால், ரயில்வே ஊழியர் இறக்கிவிடலாம். டிக்கெட், பாஸ் பறிபோகும். 6 மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். 500 ரூபாய் என்று சிரிக்காதீர்கள். ராணுவம் தரும் பயண வாரண்ட்டில் வந்தவனை நடுவழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறக்கி ஜி.ஆர்.பி என்கிற ரயில்வே போலீஸிடம் ஒப்படைத்தால், அங்கிருந்து யூனிட்டுக்குப் போன் போகும். அந்தப் போன்தான் நிஜமான தண்டனை. அதனால் "சிவில் டிரஸ்ல இருந்தா ரயில்ல குடிக்கலாமா?" என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். சட்டை மாறினாலும் 145 மாறாது.

சரி, அப்படியானால் யூனிபார்ம் ஏன் தனி விஷயம்? உங்கள் நெஞ்சில் இருக்கிற பட்டையை ஒருமுறை குனிந்து பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறது. கூடவே ராங்க், கையில் எந்தப் படைப்பிரிவு என்று காட்டும் ஃபார்மேஷன் சின்னம். சிவில் டிரஸ்ஸில் ஒருவன் குடித்துவிட்டு உளறினால் வீடியோவில் அவன் யாரோ ஒரு பயணி. யூனிபார்மில் உளறினால் பார்க்கிறவன் பத்து விநாடியில் பெயரைப் படித்துவிடுவான், விஷயம் தெரிந்தவன் எந்த ஃபார்மேஷன் என்றும் சொல்லிவிடுவான். வீடியோ தலைப்பில் "ஹவில்தார் இன்னார்" என்று வராது, "ராணுவ வீரர்கள் ரயிலில் கும்மாளம்" என்றுதான் வரும். பக்கத்தில் சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நீங்களும் அந்த "வீரர்கள்" கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள்.

லீவில் வருகிறவர் சிவில் டிரஸ்ஸில் பயணம் செய்வதுதான் இப்போது வழக்கம், பாதுகாப்புக்காகவும்தான். டியூட்டி முடிந்து ஓடி வந்தீர்கள், புரிகிறது. அடுத்த முறை பையின் மேல்பக்கத்திலேயே ஒரு டி-ஷர்ட்டும் பேண்ட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அடியில் திணிக்காதீர்கள். வண்டி கிளம்பி டி.டி.இ வந்து போனதும் மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. பெக் நீட்டுகிறவர் உங்களைத் தேடி வருவதே யூனிபார்மைப் பார்த்துத்தான்.

மறுப்பது எப்படி? நீங்கள் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள், அதுதான் அவருக்குச் சுருக்கென்றிருக்கும். வடக்கே மொட்டையாக மறுத்தால் ஏதோ அவர் கை சுத்தமில்லை என்று சொன்னது போல எடுத்துக்கொள்வார்கள். காரணத்தை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாமல் யூனிபார்ம் மேல் போடுங்கள். "பாய் சாப், வர்தி மே நஹீ பீதே" (யூனிபார்மில் குடிப்பதில்லை) என்றால் போதும். இதைக் கேட்டு மேலே வற்புறுத்துகிறவர்கள் குறைவு, பலருக்கு மரியாதை கூடும். கூடவே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: "சாய் பிலாயியே" (டீ வாங்கிக் கொடுங்கள்). டீ விற்கிறவர் வரும்போது அவரே வாங்கிக் கொடுக்கட்டும். கொடுக்க வேண்டும் என்று வந்தவருக்குக் கொடுத்த திருப்தி கிடைத்துவிடும். "வயிறு சரியில்லை", "டாக்டர் வேண்டாம்னார்" என்றெல்லாம் பொய் சொல்லாதீர்கள். உங்கள் டாக்டரைவிட நல்ல மருந்து விஸ்கிதான் என்று ஒரு மணி நேரம் விளக்குவார்.

மறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, மரியாதைக்குச் சம்பந்தமில்லாதது. முன்பின் தெரியாதவர் திறந்த பாட்டிலிலிருந்து ஊற்றித் தருகிறார். மயக்க மருந்து கலந்து கொடுத்துப் பையைத் தூக்கிக்கொண்டு போகிற கூட்டம் ரயிலில் இல்லாமலில்லை, அதனால்தான் அன்னியர் தருவதைச் சாப்பிடாதீர்கள் என்று ரயில்வே ஓயாமல் சொல்கிறது. அந்தப் பெரியவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் உங்கள் பாக்கெட்டில் ஐ-கார்டு இருந்தது. பணம் போனால் போகட்டும். ஐ-கார்டு போனால் எஃப்.ஐ.ஆர், விசாரணை, எப்படித் தொலைந்தது என்று எழுத்தில் விளக்கம். "தெரியாதவர் கொடுத்த விஸ்கியைக் குடித்துத் தூங்கிவிட்டேன்" என்று அதில் எழுத முடியுமா?

ஹவில்தார் விஷயம்தான் உங்களுக்கு உண்மையில் உறுத்துகிறது என்று கடிதத்தில் தெரிகிறது. ஜூனியர் சீனியருக்கு ஆர்டர் போட முடியாது. ஆனால் தம்பியாக அண்ணனிடம் பேசலாம். எல்லோர் முன்னாலும் இல்லை. கதவுப் பக்கம் கூப்பிட்டு, "அண்ணே, வீடியோ எடுக்குறாங்க, சட்டைய மட்டும் மாத்திட்டு மேல படுங்க" என்று சொல்லியிருக்கலாம். குடிக்காதீர்கள் என்றால் கோபம் வரும். வீடியோ என்றால் காதில் ஏறும். கையில் ஒரு டி-ஷர்ட்டையும் கொடுத்துவிட வேண்டும், "மாத்துங்க" என்று சொல்லிவிட்டு நிற்கக் கூடாது. மற்ற இருவரும் அந்தப் பெரியவரோடு பேச்சுக் கொடுத்து பாட்டிலை உள்ளே வைக்கச் செய்திருக்கலாம். நாலு பேரில் ஒருவர் தவறினால் மூவர் சமாளிப்பது பட்டாளத்தில் புதிதல்லவே.

அதையும் மீறி அவர் பெண் பயணிகளிடம் வம்பு செய்தாலோ, கைகலப்புக்குப் போனாலோ, அங்கே அண்ணன் தம்பி முடிந்தது. தடுங்கள். முடியாவிட்டால் ரயில்வே உதவி எண் 139-க்குப் போன் போடுங்கள், பெரிய ஸ்டேஷன் வந்தால் அங்கே ராணுவப் பயணங்களைக் கவனிக்கும் எம.சி.ஓ-விடம் சொல்லுங்கள், யூனிட்டில் சீனியர் ஜே.சி.ஓ-வுக்கும் (சுபேதார் மாதிரி ராங்க்) தெரிவியுங்கள். "காட்டிக் கொடுத்துட்டான்" என்று நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும். ஆயுதம் கையில் இருந்த எஸ்கார்ட் டியூட்டியோ டெம்பரரி டியூட்டியோ என்றால் வம்பு வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். முதல் கப்பிலேயே போன் போட வேண்டும். நீங்கள் வந்தது லீவில், அவர் குடித்துவிட்டுத் தூங்கினார் என்றுதான் கடிதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அந்த அளவுக்கு நான் அதை மேலே கொண்டுபோகச் சொல்ல மாட்டேன். வேறு வக்கீலைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லலாம்.

வீடியோ. உட்கார்ந்திருந்ததற்காக உங்கள் மேல் எந்தப் பிரிவும் பாயாது. ஆனால் அது வெளியே வந்தால் முதலில் வருவது வதந்தி. லீவு முடிந்து ரிப்போர்ட் செய்ததும் உங்கள் பிளட்டூன் ஜே.சி.ஓ-வைத் தனியாகப் பார்த்து, "சாப், ரயிலில் இப்படி ஒன்று நடந்தது, நான் குடிக்கவில்லை, யாரோ வீடியோ எடுத்தார்கள்" என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். ஹவில்தாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், முதுகுக்குப் பின்னால் போனதாக இருக்கக் கூடாது. சாட்சியாகக் கூப்பிட்டால் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "எனக்குத் தெரியாது, தூங்கிட்டேன்" என்று அவரைக் காப்பாற்றப் போனால், வீடியோவில் நீங்கள் கண் விழித்து உட்கார்ந்திருப்பது தெரிந்த அன்று பொய் சொன்ன குற்றமும் சேரும்.

இனி மாமாவின் நாலு பாட்டில். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்களில் இந்தக் கேள்வியே வராது, அங்கே மாமாவிடமே கார்டு இருக்கும். மற்ற ஊர்களில் லீவுக்காரன் வந்து இறங்கினான் என்றால் பையை முதலில் தூக்கிப் பார்ப்பது அம்மா இல்லை, மாமாதான். கிணிங் என்று சத்தம் வருகிறதா என்று.

அங்கிருந்து கொண்டுவர வேண்டாம். மதுவுக்கான கலால் மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. ஜம்மு கேண்டீனில் வாங்கிய பாட்டிலுக்கு அந்த ஊர் விதி, வழியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி, தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். கேண்டீன் பில் காட்டினால் எல்லா இடத்திலும் விட்டுவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். உங்கள் லைனில் முழு மதுவிலக்கு மாநிலம் வராது. ஆனால் நாளைக்கே வடகிழக்கில் போஸ்டிங் வரலாம். திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வருகிற விவேக் எக்ஸ்பிரஸ் திமாப்பூரில் நிற்கும். அது நாகாலாந்து, 1989-ஆம் ஆண்டு சட்டப்படி மதுவிலக்கு. பிறகு அதே வண்டி கிஷன்கஞ்ச் வழியாகப் பீகாரில் நுழைந்து வெளியேறும். பீகாரில் 2016-லிருந்து பாட்டில் வைத்திருப்பதும் குற்றம், போதையில் இருப்பதும் குற்றம். குஜராத் தனி மாநிலமான 1960-லிருந்தே அப்படித்தான். முகாமுக்குள் என்ன சலுகை இருந்தாலும் அதை நம்பி ரயிலில் பாட்டிலோடு போகாதீர்கள். சொந்தக் கார் என்றாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். பொதுச் சாலையில் போகிற தனியார் வாகனமும் பொது இடம்தான் என்று பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது.

விமானத்தில் வந்தால் கணக்கு வேறு. 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள சரக்கு, கடையில் விற்கும் சீலோடு, செக்-இன் பையில் ஆளுக்கு 5 லிட்டர் வரை போகும். ரம் 42.8 சதவீதம், அந்த வரம்புக்குள் வருகிறது. ஆனால் இது விமான நிறுவனத்துக்கான வரம்பு; இறங்குகிற ஊரின் கலால் விதி அங்கேயே காத்திருக்கும். உள்நாட்டு விமானத்தில் மது பரிமாறுவதில்லை, சொந்த பாட்டிலைத் திறப்பதும் கூடாது. யு.என் மிஷனுக்குப் போகிறவர்கள் வெளிநாட்டு விமானத்தில் யூனிபார்மோடு உட்கார்ந்து, இலவசம்தானே என்று கேட்டு வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். வெளிநாட்டுக்காரன் முன்னால் தோளில் மூவர்ணக் கொடியோடு போகிற இடம் அது. வேண்டவே வேண்டாம்.

மாமாவுக்கு என்ன வழி? உங்கள் கேண்டீன் கார்டு ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கேண்டீனிலும் செல்லும். அந்த மாதக் கோட்டாவில் ஒன்றோ இரண்டோ அங்கேயே வாங்குங்கள், வீட்டில் வைத்து மாமாவோடு உட்காருங்கள். உங்கள் வீட்டில் உங்கள் விருந்தாளிக்கு ஒரு கிளாஸ் ஊற்றியதை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் படைவீரர்களுக்கு மட்டும் என்று லேபிள் ஒட்டிய பாட்டிலை முழுசாகத் தூக்கிக் கொடுத்தால் அது அடுத்த தெருவில் விலைக்குப் போகும். பிடிபட்டால் முதலில் கேட்பது எந்தக் கார்டில் வாங்கியது என்றுதான்.

கல்யாண மண்டபத்தில் வேண்டாம். 2023 ஏப்ரலில் திருமண மண்டபங்களிலும் மது பரிமாற லைசென்ஸ் தரலாம் என்று அரசு அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபங்களை மட்டும் விலக்கிக்கொண்டது. மண்டபத்துக்குப் பின்னால் கார் டிக்கியைத் திறந்து வைத்து ஊற்றுகிறார்களே, அங்கே யூனிபார்மில் ஒருவன் நின்றால் போட்டோ எடுக்காமல் விடுவார்களா? தங்கை ஆசைப்பட்டால் மேடையில் ஒரு போட்டோவுக்கு மட்டும் முறையான டிரஸ்ஸில் நில்லுங்கள், அதற்கும் யூனிட்டில் கேட்டுக்கொண்டு. காம்பாட் டிரஸ் (களத்தில் போடும் புள்ளிபோட்ட யூனிபார்ம்) வேண்டாம். போட்டோ முடிந்ததும் வேட்டி சட்டைக்கு மாறிவிடுங்கள். கழற்றிய தொப்பியையும் ஜாக்கெட்டையும் மச்சான் மாட்டிக்கொண்டு டான்ஸ் ஆடக் கேட்பான். சிப்பாய் என்று பிறரை நம்ப வைக்கும் நோக்கத்தோடு அணிந்தால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவில் குற்றம், டான்ஸுக்கு அது பொருந்தாது. இருந்தாலும் கொடுக்காதீர்கள், பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். மறுநாள் இன்ஸ்டாகிராமில் அவன் முகம் தெரியாது, உங்கள் பெயர்ப் பட்டைதான் தெரியும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. காட்பாடியில் இறங்கினால் பைக்கோடு கூட்டாளி யாராவது வந்து நிற்பான், ஊருக்குப் போகும் வழியில் கடையில் நிறுத்தலாமா என்பான். இரண்டு ராத்திரி ரயிலில் சரியாகத் தூங்காத உடம்பு அது, ஒரு குவார்ட்டரே அதிகம். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, இரண்டுமேகூட. பின்னால் உட்கார்ந்து வருகிற உங்களுக்கு 185 இல்லைதான். ஆனால் ஸ்டேஷனில் எழுதுகிற விவரத்தில் உங்கள் வேலையும் யூனிட்டும் வந்துவிடும். அவன் குடித்திருந்தால் அந்த பைக்கில் ஏறாதீர்கள், வெளியே பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கிடைக்கும். திருவண்ணாமலைக்கு வேலூரிலிருந்து பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.